ஒரே கள்ளிக்கு மூன்று பெயர் வைத்தேன்

திருப்பூர் காதர்பேட்டையில் எனக்கு இரண்டு அடையாளம். ஏற்றுமதியில் மிஞ்சும் ஸ்டாக் லாட்டை வாங்கிப் பிரித்து விற்கிற வியாபாரி என்பது ஒன்று. குடோன் மொட்டைமாடியில் தொட்டி தொட்டியாகக் கள்ளி வளர்ப்பதால் வந்த ‘கள்ளிக்காரண்ணன்’ என்பது மற்றொன்று. இந்த இரண்டாவது பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நான் செய்ததை எழுதுகிறேன். ஒரே தூண் கள்ளியை மூன்று இனம் என்று சீட்டு எழுதி ஊருக்குக் கொடுத்தேன். அப்படி இல்லை என்று செடியே காட்டிய பிறகும் மறைத்தேன். உண்மை எழுதியிருந்த நோட்டுப் பக்கத்தைக் கிழித்தேன். என் சொல்லை நம்பிக் கள்ளி வெட்டிய ஓர் அக்காவின் கண்ணில் பால் தெறித்தபோது, வாயைத் திறக்காமல் இருந்தேன்.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளுக்கு வேலி என்றால் முள்ளுக்கிளுவைதான். போத்து வெட்டி நெருக்கமாக ஊன்றினால் ஒரு தலைமுறைக்கும் நிற்கும். உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம், மேயும் மாடுகள். அப்படி ஒரு காட்டின் மூலையில், பழைய மோட்டார் ரூமை ஒட்டி, கிளுவைக்கு நடுவே ஒரு தூண் கள்ளி கிளைத்து நின்றது. மோட்டார் ரூம் ஓட்டைத் தாண்டிய உயரம். யார் நட்டது என்று தோட்டத்துக்காரருக்கே தெரியவில்லை. "வேணுங்கிறத வெட்டிட்டுப் போங்க தம்பி, மாடு போய் ஒரசி முள்ளு ஏத்திக்குது" என்றார். கிளைகளை அறுத்து வந்து, வெட்டுவாய் காயும்வரை நிழலில் கிடத்தி, பிறகு மணல் கலந்த மண்ணில் ஊன்றினேன். அன்றைக்குக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எங்கிருந்து எடுத்தது, எந்தத் தொட்டி எங்கே வைத்தது என்று எழுதினேன். அந்தப் பழக்கம் அப்போது இருந்தது.

வருடங்கள் போயின. வேறு வேறு இடங்களிலிருந்து செடிகள் வந்து சேர்ந்தன. காலிம்போங்கிலிருந்து வரும் ஒட்டுக் கள்ளிகளை விற்கும் நர்சரிக்காரர்களிடம் வாங்கியவை, வியாபாரத்துக்குப் போன ஊர்களில் கேட்டு வாங்கியவை என்று மாடி நிறைந்தது. எது எங்கிருந்து வந்தது என்ற நினைவு கலங்கிவிட்டது. நோட்டு பரணில் கிடந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை.

காங்கேயத்துப் போத்துகளில் ஒன்று தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் நிழலில் வளர்ந்தது. இளம்பச்சை, ஒல்லியான உடம்பு, நாலைந்து பட்டை, பட்டைகள் சிறகு மாதிரி மெலிந்தவை, முள் என்று சொல்ல அதிகமில்லை. இரண்டாவது நடுமாடியில் முழு வெயிலில் பருத்தது. மெழுகு பூத்த சாம்பல்நீலம், ஆறேழு பட்டை, குட்டையான முள். மூன்றாவது கைப்பிடிச் சுவரோரம் இருந்தது. ஒரு காற்றில் தார்ப்பாய்க் கம்பி விழுந்து முறிந்து, அடியிலிருந்து புதுக் கிளை விட்டது. அந்தக் கிளை முழுக்க விரல் நீள ஊசிகள், பழுப்பும் மஞ்சளுமாக. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. நிழல் செடிக்கு ‘செரியஸ் ஹெக்ஸகோனஸ்’, வெயில் செடிக்கு ‘செரியஸ் பெருவியானஸ்’, ஊசிச் செடிக்கு ‘செரியஸ் ஜமக்காரு’ என்று பிளாஸ்டிக் சீட்டில் மார்க்கரால் எழுதிச் செருகினேன். புத்தகப் படங்களைப் பார்த்து எடுத்த முடிவு. அதுவரை ஒரு பூகூடப் பார்க்கவில்லை.

இந்த இடத்தில் செரியஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் செய்தது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது அப்போதுதான் விளங்கும். லின்னேயஸ் 1753இல் தனக்குத் தெரிந்த கள்ளிகள் அத்தனையையும் ‘காக்டஸ்’ என்ற ஒரே பேரினத்தில் அடக்கினார். மொத்தம் 22 இனம். அதில் ஹெக்ஸகோனஸ், ரெபாண்டஸ், பெருவியானஸ் மூன்றும் உண்டு. அடுத்த ஆண்டே பிலிப் மில்லர் தூண் கள்ளிகளைச் செரியஸ் என்று தனியே பிரித்தார். அன்றிலிருந்து உலகத்துத் தோட்டங்களில் உயரமாக, பச்சையாக, பட்டை பட்டையாக எது நின்றாலும் அதற்குப் பெருவியானஸ் என்று பெயர். அந்தப் பெயரோடு உலகமெல்லாம் விற்பனையாகும் செடிகளில் பெரும்பங்கு பெருவில் விளைவதே அல்ல. தெற்கு பிரேசில், உருகுவே, பராகுவே, அர்ஜென்டினா பகுதிகளைச் சேர்ந்தவை. 1890இல் கார்ல் ஷூமான் விவரித்த ‘ஹில்ட்மானியானஸ்’ என்ற பெயர்தான் அவற்றுக்குப் பொருந்தும் என்பது இன்றைய கணக்கு. ஜமக்காரு வடகிழக்கு பிரேசிலின் வறண்ட காட்டு மரம். அங்கே மண்டகாரு என்று அழைக்கிறார்கள். நம் பக்கத்தில் வேலியில் நிற்கும் தூண் கள்ளியைத் தென்னிந்திய நூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் செரியஸ் டெரோகோனஸ் என்றும் எழுதியிருக்கின்றன. பிரிட்டன், ரோஸ் என்ற இருவர் 1919 முதல் 1923 வரை நான்கு பாகங்களாகக் கள்ளிகளைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகும் இந்தக் குழப்பம் தீரவில்லை.

ஏன் தீரவில்லை என்பதற்கு ஒரு கைவேலைக் காரணம் இருக்கிறது. மற்றச் செடிகளைத் தாளுக்கிடையே அழுத்திக் காயவைத்து வைக்கலாம். நூறு வருடம் கழித்தும் எடுத்துப் பார்க்கலாம். கோயமுத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் அப்படி அடுக்கடுக்காக வைத்திருக்கிறார்கள். தூண் கள்ளியை எப்படி அழுத்துவது? உள்ளெல்லாம் தண்ணீர். அழுத்தினால் அழுகும். ஒரு பட்டையைத் தோலோடு சீவி எடுத்து, குறுக்கே ஒரு வில்லை அறுத்து, சதையைச் சுரண்டிக் காயவைக்க வேண்டும். பூவை நெடுக்கே பிளந்து தனியாக வைக்க வேண்டும். முள் குத்தும், நேரம் பிடிக்கும். அதனால் சேகரிக்கப் போகிறவர்கள் பலரும் கள்ளியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஓர் இனம் எவ்வளவு தூரம் மாறும், நிழலில் எப்படி, வெயிலில் எப்படி, இளசில் எப்படி, முதிர்ந்து எப்படி என்பதெல்லாம் தாளில் ஏறாமல் போய்விடுகிறது.

தூண் கள்ளியின் உடம்பு மட்டும் சொல்கிற சாட்சியை நம்பக்கூடாது. பட்டையின் எண்ணிக்கை ஒரே கிளையில் கீழே ஐந்தும் மேலே ஏழுமாக இருக்கும். முள்ளும் அப்படித்தான். வெட்டுப்பட்டு அடியிலிருந்து வரும் கிளை, விதையிலிருந்து முளைத்த கன்று மாதிரி முள்ளைக் கொட்டும். உயரம் போகப் போகக் குறைத்துக்கொள்ளும். நீலமெழுகு வெயிலில் கூடும். இனம் எது என்பதற்குப் பூவைப் பார்க்க வேண்டும். பூவின் குழாய் வழுவழுப்பாக, சில செதில்கள் மட்டும் ஒட்டியிருந்தால் செரியஸ் பக்கம். குழாய் முழுக்க ரோமம் மூடியிருந்தால் டிரைக்கோசெரியஸ் கூட்டம். குழாயிலேயே முள் இருந்தால் அக்காந்தோசெரியஸ். பஞ்சு மெத்தைக்குள்ளிருந்து தடித்த பூ வந்து, நெடியடித்து, இரவில் வௌவாலைக் கூப்பிட்டால் பைலோசோசெரியஸ். பேரினத்தைப் பிரிக்கவே இவ்வளவு பார்க்க வேண்டும். இனத்தைப் பிரிக்க இன்னும் உண்டு. பூவின் நீளம், வெளியிதழின் நிறம், சூல்முடி எத்தனையாகப் பிரிகிறது, காய் வெடிக்கிறதா, சதை வெள்ளையா, விதை எவ்வளவு பெரிது, காய்ந்த பூ காயோடு ஒட்டியிருக்கிறதா உதிர்ந்துவிடுகிறதா என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அதுவும் ஒரு செடியில் போதாது.

இதில் எனக்குப் புதிதாக எதுவும் இல்லை என்பதுதான் என்னைக் குத்துகிறது. என் பிழைப்பே இதுதான். காதர்பேட்டையில் ஒரு லாட் வந்தால் பண்டலின் மேல் பீஸைப் பார்த்து நான் விலை சொன்னதில்லை. நடுவில் கைவிட்டு உருவுவேன், அடியில் உருவுவேன், ஷேடு எவ்வளவு ஓடியிருக்கிறது என்று வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பேன். ஒரே நூல், ஒரே நெசவு, டையிங்கில் மட்டும் மாறியது என்றால் அது ஒரே துணிதான். அதை மூன்று துணி என்று எவனாவது பிரித்து விற்றால் அவன் பஜாரில் நிற்க முடியாது. இந்த ஒழுங்கை மாடிப்படி ஏறும்போது நான் கீழேயே விட்டுவிட்டேன்.

சீட்டு எழுதிய பிறகு ஆட்கள் வந்தார்கள். போத்து கேட்டவர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்தேன். ‘ஜமக்காரு’வுக்கு மட்டும், அரிது என்று சொல்லி, மற்றவற்றை விடக் கூடுதலாகப் பணம் வாங்கினேன். ஒரு பள்ளி ஆசிரியை மூன்றையும் வாங்கிப் போய்ப் பள்ளித் தோட்டத்தில் சீட்டோடு வைத்தார். கல்லூரி மாணவர் ஒருவர் என் மாடியைப் பற்றிப் ப்ராஜெக்ட் செய்தார். நான் சொன்னதை எழுதிக்கொண்டு, போகும்போது காலைத் தொடப் போனார். நான் பத்தாவதோடு நின்றவன். செக்கிங் டேபிளில் ஆரம்பித்து வந்தவன். பஜாரில் என்னை மதிப்பார்கள், அது பணத்துக்கு. படித்த ஒரு பையன் என்னை ‘ஐயா’ என்று கூப்பிட்டது வேறு விதமான மதிப்பு. அது எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அப்போது நானே அறியவில்லை.

பிறகு ஒரு சித்திரையில் மூன்றும் ஒன்றாக மொட்டு வைத்தன. விரல் நீட்டிய மாதிரிப் பக்கவாட்டில் வந்து, மேல்நோக்கி வளைந்து, பொழுது சாய்ந்த பிறகு மெல்ல வாய் திறந்தன. பாதி ராத்திரிக்கு முழுசாக விரிந்து, வெயில் ஏறுவதற்குள் சோர்ந்து தொங்கிவிட்டன. வெள்ளைப் பூ, வெளியிதழில் பச்சையோடு செம்பழுப்பு ஓடியிருக்கும், உள்ளே நூற்றுக்கணக்கில் மகரந்தத் தாள்கள். இருட்டில் பெரிய அந்துப்பூச்சி ஒன்று வந்து அந்தரத்தில் நின்றபடியே குழாய்க்குள் வாயை விட்டது. ஒவ்வொரு செடியிலும் ஒரு பூவை அறுத்து, பிளேடால் நெடுக்கே பிளந்து, பனியனுக்கு நெஞ்சளவு பிடிக்கிற டேப்பை வைத்து அளந்தேன். நீளம் ஒன்று. குழாய் ஒன்று. செதில் ஒன்று. சூல்முடியின் பிரிவுகளும் ஒரே எண்ணிக்கை.

அன்றே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு பிடி வைத்துக்கொண்டேன். பூ ஒன்றுபோல் இருக்கலாம், இனம் வேறாக இருக்கலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பிரஷ்ஷால் ஒன்றின் மகரந்தத்தை மற்றதில் தடவிப் பார்த்திருந்தேன். ஒன்றும் காய் பிடிக்கவில்லை, எல்லாம் மஞ்சளாகி விழுந்தன. பார்த்தீர்களா, வெவ்வேறு இனம், அதனால் சேரவில்லை என்று வந்தவர்களிடம் விளக்கமும் கொடுத்தேன்.

அந்த விளக்கம் தலைகீழ் என்று பிறகு படித்தேன். இஸ்ரேலில் இந்தச் செரியஸைப் பழத்துக்காகவே பயிரிடுகிறார்கள். ‘கூபோ’ என்ற பெயரில் சந்தைக்குப் போகிறது. நெகேவ் பாலைவனத்தில் பென்குரியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை ஆராய்ந்து, இந்தப் பூ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது என்று கண்டார்கள். ஒரே தாயிலிருந்து வெட்டிய போத்துகள் எத்தனை ஏக்கரில் நின்றாலும் அவை ஒரே செடிக்குச் சமம். ஒன்றுக்கொன்று காய்க்காது. வேறு வழிச் செடி ஒன்று பக்கத்தில் வேண்டும். அப்படியானால் என் மூன்று தொட்டியும் காய்க்காதது அவை வேறு வேறாக இருந்ததனால் அல்ல. கோயமுத்தூரில் பழைய வீடொன்றின் முற்றத்தில் நின்ற ஒரு செரியஸிலிருந்து அடுத்த பருவத்தில் பூ வாங்கி, இரவோடு இரவாக டப்பாவில் கொண்டுவந்து, மூன்றிலும் தடவினேன். மூன்றும் பிடித்தன. முள்ளில்லாத வழவழப்பான காய், பச்சையிலிருந்து செந்நிறமாகி, ஒரு நாள் நெடுக்கே வெடித்து வெள்ளைச் சதையும் கறுப்பு விதையும் காட்டியது. காய்ந்த சூல்தண்டு நுனியில் வால்போல் தொங்கியது. நிழல் செடியின் காயையும் ஊசிச் செடியின் காயையும் தட்டில் மாற்றி வைத்தால் எது எதனுடையது என்று எனக்கே தெரியவில்லை.

பரணேறி நோட்டை எடுத்தேன். என் கையெழுத்து. காங்கேயத்துக் காட்டின் பெயர், ‘ஒரே செடி’, பிறகு மூன்று இடம்: தொட்டியடி, நடுமாடி, கைப்பிடிச் சுவர். அந்தப் பக்கத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். மாலையில் கட்டிங் வேஸ்ட் எரித்த இடத்தில் போட்டேன். சீட்டுகள் அப்படியே இருந்தன. அடுத்த வாரமே ஒருவருக்கு ‘ஜமக்காரு’ விற்றேன். அப்போது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் விற்றேன்.

அறியாமல் செய்ததற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. முதல் சீட்டு அவசரம். கிழித்த பிறகு விற்றது ஏமாற்று.

பெயர் வெறும் சீட்டுதானே, யாருக்கு என்ன கெட்டுவிடப் போகிறது என்ற எண்ணமும் எனக்குள் ஓடியது. அது எவ்வளவு பொய் என்பதற்கு என் தொழிலோடு ஒட்டிய கதையே இருக்கிறது. துணிக்குச் சிவப்பு ஏற்ற ஒரு காலத்தில் கோச்சினீல் பூச்சி ஒரு முக்கிய வழி. கள்ளியின் மேல் வெள்ளைப் பஞ்சு மாதிரி அப்பியிருக்கும், நசுக்கினால் இரத்தச் சிவப்பு. மெக்சிகோவிலிருந்து ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்து உலகத்துக்கு விற்றார்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்கு அதன்மேல் கண். மதராஸில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர், கடலோரப் புல்லில் ஒரு பூச்சியைக் கண்டு, அதுதான் இது என்று ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அக்கடிதங்கள் 1788இல் மதராஸிலேயே அச்சாயின. அது அந்தப் பூச்சியே இல்லை. பிறகு சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டு, நிஜப் பூச்சிக்காகக் காத்திருந்தார்கள். 1795இல் நீல்சன் என்ற கப்பல் கேப்டன் பிரேசிலிலிருந்து உயிரோடு பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அதுவும் நல்ல சாயம் தரும் ரகம் இல்லை, மட்டமான இன்னொரு இனம். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தது. அந்தப் பூச்சி ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை மட்டும் தின்று தீர்த்தது. காடுகளையும் மேய்ச்சல் நிலங்களையும் அடைத்துக்கொண்ட வேறு வகைச் சப்பாத்திக்கள்ளியை அது தொடவே இல்லை. அதைத் தின்கிற வேறோர் இனம் இலங்கை வழியாக 1926இல் வந்து சேர்ந்த பிறகுதான் தென்னாட்டில் சப்பாத்திக்கள்ளி அழிந்து ஒடுங்கியது. எந்தப் பூச்சி, எந்தக் கள்ளி என்பதை மனிதர்கள் தெளிவாகப் பிரித்தறியாதவரை நிலம் அடைபட்டே கிடந்தது.

ஆண்டர்சன் தவறினார். ஆனால் தவறியது அச்சில் இருக்கிறது. இரு நூற்றாண்டு கழித்து என்னைப் போன்ற ஒருவன் எடுத்துப் படிக்க முடிகிறது. நான் என் பக்கத்தை எரித்தவன். மெட்ராஸ் ஹெர்பேரியம் எனக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. ஒரு பூவையும் ஒரு பட்டைத் துண்டையும் கொண்டுபோய் இது என்ன என்று கேட்டிருக்கலாம். ‘தெரியாமல்தான் வந்திருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் போகவில்லை.

இனி அந்த அக்கா விஷயம்.

பழக்கமான ஒருவர், கம்பெனி கட்டடம் வைத்திருப்பவர், இரவில் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். வாசலில் அலங்காரத்துக்கு வைத்த தூண் செடி, கரண்ட் ஒயரைத் தொடுகிறது, வெட்ட வேண்டும். "ஏனுங்கண்ணா, இதுல பால் வருமுங்களா?" என்று கேட்டிருந்தார். பட்டை தெரிந்தது, உயரம் தெரிந்தது. நான் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை. "செரியஸ்தான், பாலெல்லாம் வராது, தைரியமா வெட்டச் சொல்லுங்க" என்று எழுதிவிட்டுப் படுத்துவிட்டேன்.

அது காக்டஸ் குடும்பமே அல்ல. அமெரிக்காவிலிருந்து வந்த தூண் காக்டஸுகளுக்குப் பால் கிடையாது. நம் மண்ணின் சதுரக்கள்ளி, ஆப்பிரிக்காவிலிருந்து அலங்காரத்துக்கு வரும் தூண் கள்ளிகள் எல்லாம் யூஃபோர்பியா. குத்தினால் வெள்ளைப் பால் பீய்ச்சும். அந்தப் பால் கண்ணில் பட்டால் எரிச்சலோடு நிற்காது, கருவிழியையே புண்ணாக்கும். இரண்டும் வறட்சிக்குப் பழகி ஒரே வடிவத்துக்கு வந்தவை, உறவு கிடையாது. பிரித்தறிய ஒரு நிமிஷம் போதும். காக்டஸின் முள் பஞ்சுபோன்ற ஒரு புள்ளியிலிருந்து கொத்தாக வரும். இந்த வகை யூஃபோர்பியாவில் முள் இரண்டிரண்டாக, கெட்டியான ஒரு தகட்டிலிருந்து கிளம்பும். "முள்ளைக் கிட்டத்துல ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க" என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஒரு ஊசியால் குத்திப் பாருங்கள் என்று சொல்லியிருந்தாலும் போதும்.

மறுநாள் தினக்கூலிக்கு வந்த அக்கா அரிவாளோடு ஏறி வெட்டினார். முதல் வெட்டிலேயே முகத்தில் அடித்தது. சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, வேலையை முடித்துத்தான் இறங்கியிருக்கிறார். பாலில்லை என்று சொல்லியிருந்ததால் யாரும் உடனே கண்ணைக் கழுவச் சொல்லவில்லை. சாயங்காலம் கண் திறக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் என்ன செடி என்று கேட்டிருக்கிறார்கள். கூடப் போனவர்கள் நான் கொடுத்த பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டடக்காரர் எனக்குப் போன் செய்து, "அந்தக்கா கவனமில்லாம வெட்டிருச்சுங்க" என்றார். அவருக்கு என்மேல் சந்தேகமே இல்லை. நான் சொன்னது, "பாத்து வெட்டணும்லங்க" என்பது. போனை வைத்த பிறகு அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முள் இரண்டிரண்டாக இருந்தது. மறுபடி போன் செய்யவில்லை.

பார்வை திரும்பிவிட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த நிம்மதியைச் சாக்காக வைத்துக்கொண்டு இன்னும் நாளைக் கடத்தினேன். வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தால் "பாத்து வெட்டணும்லங்க" என்ற என் குரல் எனக்கே கேட்டது. என் மனைவியிடம்தான் முதலில் சொன்னேன். "எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போவுது, அந்தம்மாகிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

போனேன். திண்ணையில் உட்கார்ந்து காஜா பிரித்துக்கொண்டிருந்தார். சொன்னேன். பால் வராது என்று சொன்னவன் நான்தான், போட்டோவைச் சரியாகப் பார்க்காமல் சொன்னேன், பிறகு தெரிந்தும் உங்கள் மேல் பழி விழவிட்டேன் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் கையிலிருந்த பீஸையே பார்த்தார். "அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா டாக்டருகிட்ட இன்ன பாலுன்னாவது சொல்லியிருப்பேன் தம்பி. என்ன செடின்னு தெரியாம ரெண்டு நாளு அவுங்களும் தடுமாறுனாங்க" என்றார். வேலைக்குப் போகாத நாட்களின் கூலியையும் மருந்துச் செலவையும் வாங்கிக்கொண்டார். எண்ணிப் பார்த்து வாங்கினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கட்டடக்காரரிடம் என் முன்னாலேயே போனில் பேசச் சொன்னார். பேசினேன். அதற்குப் பிறகு அவர் எனக்குப் போட்டோ அனுப்புவதில்லை.

பள்ளி ஆசிரியையிடமும் சொன்னேன். பிள்ளைகள் மூன்று பெயரையும் படம் வரைந்து நோட்டில் எழுதியிருக்கிறார்கள் என்றார். சீட்டை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். எடுக்க வேண்டாம், பிள்ளைகளை மாடிக்கு அனுப்புங்கள், ஒரே கிளையில் பட்டையை எண்ணிப் பார்க்கட்டும், பிறகு அவர்களே மாற்றி எழுதட்டும் என்றேன். வந்தார்கள். கீழே ஐந்து, மேலே ஏழு என்று ஒரு சிறுமி எண்ணி, "அப்ப இதுக்கு ரெண்டு பேரா வெப்பீங்க?" என்று கேட்டாள். ஒரே பேர்தான் கண்ணு, நான்தான் தப்பாக வைத்துவிட்டேன் என்றேன்.

ப்ராஜெக்ட் செய்த தம்பியின் நம்பர் மாறிவிட்டது. அவருடைய கட்டுரையில் காதர்பேட்டை மாடியில் மூன்று வகைச் செரியஸ் என்று என் பெயரோடு இருக்கிறது. இது அவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவும் எழுதுகிறேன்.

என்னிடம் போத்து வாங்கியவர்களுக்கு: ஹெக்ஸகோனஸ், பெருவியானஸ், ஜமக்காரு என்று நான் எழுதிய மூன்று சீட்டுகளையும் எடுத்துவிடுங்கள். மூன்றும் ஒரே செடியின் கிளைகள். புதுச் சீட்டில் ‘செரியஸ், காங்கேயம் பக்கத்து வேலியிலிருந்து’ என்று மட்டும் எழுதுங்கள். பூவையும் காயையும் வைத்துப் பார்த்தால் ஹில்ட்மானியானஸாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. பிளந்த பூவும் சீவிய பட்டையும் காயவைத்து எடுத்துக்கொண்டு கோயமுத்தூருக்குப் போக இருக்கிறேன், அவர்கள் சொன்ன பிறகு அந்தப் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். பூத்தும் காய்க்கவில்லை என்றால் செடியில் குறையில்லை, வேறு தாயிலிருந்து வந்த செரியஸின் மகரந்தத்தை இரவில் தடவுங்கள். வீட்டில் வேறு தூண் கள்ளி எது இருந்தாலும், வெட்டுவதற்கு முன் முள் கொத்தாக இருக்கிறதா ஜோடியாக இருக்கிறதா என்று பார்த்து, ஊசியால் குத்திப் பாருங்கள். பால் பட்டுவிட்டால் அந்த நிமிஷமே ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கண்ணைக் கழுவி, செடியின் ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ‘ஜமக்காரு’ என்று கூடுதல் பணம் கொடுத்தவர்கள் குடோனுக்கு வாருங்கள். சீட்டைக் காட்ட வேண்டியதில்லை, சொன்னால் போதும், திருப்பித் தருகிறேன்.